பசைச்சட்டி ஏந்திய பாரிஸ்டர்!

இறங்கி வந்தார் என்கிறார்கள். பாரிஸ்டர் பட்டம் பெற்றவர், ரயில்வே கம்பெனிக்குச் சட்டம் தொகுத்துத் தந்தவர், பெரிய மனிதர்களோடு பந்தியில் அமர்ந்தவர், அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் புத்தகம் கட்டும் பட்டறைக்குள் நுழைந்தார். இறங்கித்தானே வந்தார் என்கிறார்கள். நாம் கேட்கிறோம், தோழர்களே: எங்கிருந்து எங்கே இறங்கினார்? இடையில் இருந்த அந்தப் படிக்கட்டைக் கட்டியது யார்?

ஆளைச் சொல்லிவிடுவோம். இங்கிலாந்து நாட்டுக்காரர். 1840இல் பிறந்தவர். பெயர் காப்டன் சாண்டர்சன். பிறந்தபோது வெறும் சாண்டர்சன்தான். 1882இல் ஆன் காப்டன் என்ற அம்மையாரை மணந்தபோது, மனைவியின் குடும்பப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். பெண்தான் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றிருந்த சமுதாயத்தில் ஆண்மகன் செய்த காரியம் இது! அந்த அம்மையாரும் இலேசுப்பட்டவர் அல்ல. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு 1906இல் சிறை சென்றவர்.

1883இல் ஒரு நாள், கவிஞரும் சமதர்மவாதியுமான வில்லியம் மாரிஸ் வீட்டில் விருந்து. கையால் ஏதேனும் வேலை செய்ய வேண்டும் என்று ஏங்குகிறேன் என்றார் நம் பாரிஸ்டர். அப்படியானால் புத்தகம் கட்டக் கற்றுக்கொள்ளுங்களேன் என்றார் மாரிஸின் மனைவி ஜேன். சாப்பாட்டு மேசைப் பேச்சு சாப்பாட்டோடு செரித்துப் போவதுதான் உலக வழக்கம். இவருக்குச் செரிக்கவில்லை. நாற்பத்திரண்டு வயதில் ரோஜர் டி காவர்லி என்ற தொழில் வல்லாரிடம் மாணவராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே சொந்தப் பட்டறை வைத்தார். மனைவி தைத்தார், கணவர் கட்டினார்.

எளிய வேலையா அது? அச்சடித்த தாளை வரிசை பிசகாமல் மடிக்க வேண்டும். மடித்த பாரங்களை ஒவ்வொன்றாகக் கயிற்றோடு சேர்த்துத் தைக்க வேண்டும். முதுகைச் சுத்தியால் தட்டி வளைக்க வேண்டும். தோலை ஓரம் மெலியச் சீவ வேண்டும். கத்தி மயிரிழை அதிகம் இறங்கினால் தோல் பாழ். பொன்தாள் வைத்து, காய்ச்சிய அச்சை அழுத்த வேண்டும். சூடு மிஞ்சினால் தோல் கருகும், சூடு குறைந்தால் பொன் ஒட்டாது. நீதிமன்றத்திலே வாய்தா வாங்கலாம். பசைச்சட்டியிடம் வாய்தா கேட்க முடியுமா?

1884இல் இவர் கட்டிய நூல்களில் ஒன்று, மார்க்ஸ் எழுதிய ‘மூலதனம்’. மாரிஸின் பிரதி அது. படித்துப் படித்தே கிழித்துவிட்டார் அவர். உழைப்பின் கணக்கைச் சொன்ன நூலுக்கு உழைக்கத் துணிந்த வழக்கறிஞர் தையல் போட்டார், பொன்வேலை செய்தார்!

மெச்சுகிறோம். மனதார மெச்சுகிறோம். ஆனால் மெச்சிய கையோடு இன்னொரு கணக்கையும் பார்ப்போம்.

அதே லண்டனில், 1805இல், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் புத்தகம் கட்டும் தொழிலில் சேர்க்கப்பட்டான். கொல்லர் மகன். ஏக்கத்தால் சேரவில்லை, ஏழ்மையால் சேர்ந்தான். ஏழாண்டுப் பயிற்சி. கட்ட வந்த கலைக்களஞ்சியத்தைப் பிரித்து மின்சாரம் பற்றிப் படித்தான். டேவி என்ற விஞ்ஞானியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, தன் கையாலேயே கட்டி, அவருக்கே அனுப்பினான். 1813இல் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. அவர்தான் மைக்கேல் ஃபாரடே. (பாருங்கள், பெயரைச் சொன்னதும் நமக்கே ‘அவர்’ வந்துவிட்டது!)

பைண்டர் விஞ்ஞானியானால் “உயர்ந்தான்” என்கிறது உலகம். பாரிஸ்டர் பைண்டரானால் “இறங்கினார்” என்கிறது. உயர்ந்தவனுக்கு ‘ஆன்’. இறங்கியவருக்கு ‘ஆர்’! ஒரே ஊர், ஒரே பசை, ஒரே ஊசி. இலக்கணம் மட்டும் இரண்டு.

பாரிஸ்டருக்குத் தொழில் கைகொடுக்காவிட்டால் மனைவியின் பணம் இருந்தது. தொழிலையே நம்பி நின்றவர் கதி என்ன? வேலை நேரத்தில் ஒரு மணியைக் குறையுங்கள் என்று 1786இல் லண்டன் பைண்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஐந்து பேருக்கு இரண்டாண்டுச் சிறை! விரும்பி வந்தவருக்கு விருது, விதியென்று வந்தவருக்கு விலங்கு.

1893இல் காப்டன் சாண்டர்சன் ‘டவ்ஸ்’ என்ற பெயரில் பெரிய பட்டறை தொடங்கினார். அதன்பின் அவர் வடிவம் வரைவார். தைப்பதும் தோல் போடுவதும் பொன் பதிப்பதும் சம்பளக் கைகள். சார்லஸ் மெக்லீஷ் என்ற கைத்திறனாளர் பொன்வேலை செய்தார். கட்டிய நூலின் உள்ளே பதிந்த முத்திரை என்ன? பட்டறையின் பெயர், ஆண்டு, முதலாளியின் தலைப்பெழுத்து. மெக்லீஷ் பெயர் அதில் இல்லை. உழைப்பைத் தேடி வந்த நல்லவரின் பட்டறையிலேயே இந்த நிலை என்றால், மற்ற இடத்தைப் பற்றிப் பேசவும் வேண்டுமா?

இங்கிலாந்தைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்து, நம் வீட்டுப் பிள்ளையின் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டுத் தருகிறாரே, அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? “ஏ, பைண்டிங்!” என்றுதானே அழைக்கிறோம்? இந்த நாட்டில் 1867இல் வந்த புத்தகப் பதிவுச் சட்டம், ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் வேண்டும் என்றது. கட்டியவர் பெயரைக் கேட்கவில்லை.

சட்டம் கேட்காவிட்டால் போகட்டும். தொழிலாளர் பெயரைச் சொல்லி நூல் வெளியிடும் தோழர்களை நாம் கேட்கிறோம்: அடுத்த வெளியீட்டில், அச்சகத்தின் பெயருக்குக் கீழே, மடித்தவர், தைத்தவர், அட்டை கட்டியவர் பெயரையும் போடுங்கள். ஒரு வரிதான். அந்தப் பக்கத்தில் இடம் இருக்கிறது.