பெட்டிக்குள் அடங்குமா பறை?

பெருநகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் தாளக்கருவி பழகுவது எளிதன்று. டிரம் வரிசையை வைக்க இடம் வேண்டும். வாங்கப் பணம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கீழ்வீட்டாரின் பொறுமை வேண்டும். தவில், பறை என்றால் சொல்லவே வேண்டா. தெருவே கேட்கும்படி முழங்குவதற்கென உருவான கருவிகள் அவை. ஊரைவிட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலரின் தாள ஆசை இங்கேயே நின்றுவிடுகிறது.

இத்தடையை நீக்க வந்தவை தாள மென்பொருளும் பேட் கருவியும் ஆகும். பேட் கருவி பெரும்பாலும் ஒரு நோட்டுப் புத்தக அளவே இருக்கும். அதன்மேல் வரிசைக்கு நான்காக 16 ரப்பர் கட்டங்கள் அமைந்திருக்கும். கட்டத்தைத் தட்டினால் ஒலி அதிலிருந்து எழுவதில்லை. எந்தக் கட்டம் தட்டப்பட்டது, எவ்வளவு விசையுடன் தட்டப்பட்டது என்னும் செய்தி உடனே கணினிக்குச் செல்கிறது. விசையை 1 முதல் 127 வரையிலான எண்ணாக அது குறிக்கிறது. 1983இல் அறிமுகமான 'மிடி' என்னும் பொது முறையே இச்செய்தியின் மொழி. கணினியில் உள்ள மென்பொருள், முன்பே பதிவு செய்து வைத்த டிரம் ஒலியை அந்த விசைக்கு ஏற்ப ஒலிக்கச் செய்கிறது. ஹெட்போன் அணிந்தவருக்கு அது பெருமுழக்கம்; பக்கத்து அறையில் உறங்குபவருக்கோ விரல் தட்டும் மெல்லிய ஓசை மட்டுமே.

அமெரிக்கரான ரோஜர் லின், உண்மையான டிரம் ஒலிப்பதிவுகளைக் கொண்டு இயங்கும் எல்எம்-1 என்னும் தாளப்பொறியை 1980இல் உருவாக்கினார். 1988இல் ஜப்பானின் அகாய் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த எம்பிசி-60 என்னும் கருவியில் 16 கட்டங்கள் இருந்தன. இன்றைய பேட் கருவிகள் பலவும் அதன் வழிவந்தவையே. வீட்டிலிருந்தே நல்லிசை பிறக்கும் என்பதற்குத் தமிழகமும் சான்று தருகிறது. 1992இல் வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்தின் இசையை ஏ.ஆர். ரகுமான் சென்னையில் தம் வீட்டை ஒட்டி அமைத்த ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாக்கினார்.

"பொறி தட்டும் தாளம் இசையாகுமா? தோலும் கையும் கொண்டு பிழைப்பவரின் சோற்றில் மண் விழாதா?" என்று பெரியோர் சிலர் கேட்பதுண்டு. இக்கேள்வியைப் புறந்தள்ளுதல் தகாது. பலர் கூடி வாசித்த இடத்தில் ஒருவரும் ஒரு கணினியும் போதும் என்றால், வேலை இழப்போர் இருக்கவே செய்வர். ஆயினும், வாசிக்க வழியே இல்லாத பிள்ளைக்கு இக்கருவி ஒரு கதவைத் திறக்கிறது என்பதும் உண்மை. ஆகவே கருவியை விலக்குவது தீர்வன்று. அதை எப்படிக் கையாள்வது என்பதே வினா.

முதலாவதாக, மென்பொருளின் வழக்கத்தைச் சட்டமாகக் கொள்ளலாகாது. பெரும்பாலான மென்பொருள்கள் திறந்தவுடன் நான்கு எண்ணிக்கைத் தாளத்தையே காட்டும். தென்னக இசையிலோ மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என ஐந்து நடைகள் உண்டு. அமைப்பை மாற்றினால் ஏழெண்ணிக்கை கொண்ட மிசுரசாபுவையும் அதே மென்பொருளில் வாசிக்கலாம். மாற்ற வேண்டும் என்று தோன்றுவதற்கு, அத்தாளம் முதலில் நாவிலும் கையிலும் இருக்க வேண்டும். 'தகிட தகதிமி' என்று வாயால் சொல்லிப் பழகியவருக்கே ஏழு எங்கே முடிகிறது என்பது விளங்கும்.

இரண்டாவதாக, பிழை திருத்தும் பொத்தானை அளவோடு பயன்படுத்த வேண்டும். நிமிடத்துக்கு 120 அடி என்னும் வேகத்தில் ஓர் அடிக்கு அரை நொடி ஆகும். அதை நான்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நொடியில் எட்டில் ஒன்று. சற்று முந்தியோ பிந்தியோ விழுந்த தட்டுகளை எல்லாம் அப்பொத்தான் நேர்கோட்டில் நிறுத்திவிடும். தாளம் சரியாகும், ஆனால் வாசித்தவரின் கைமணம் போய்விடும். ஆகையால் பொத்தானை அழுத்தும் முன்பு, தான் வாசித்ததை ஒருமுறை கேட்பது நன்று. பிழை எது, நடை எது எனப் பிரித்தறியும் செவி அவ்வாறுதான் வளரும்.

மூன்றாவது, இவை அனைத்தினும் இன்றியமையாதது. மென்பொருளில் உள்ள ஒவ்வோர் ஒலிக்குப் பின்னாலும் ஒரு வாசிப்பாளர் இருக்கிறார். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்துக் கூறுகிறது. அத்தகைய பறையை முழக்கியவர்களோ நெடுங்காலம் சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டனர். அவர்கள் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுவது பழைய இழிவைப் புதிய பெட்டிக்குள் அடைப்பதாகும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவர், கைப்பேசியில் பறையொலியைப் பதிவு செய்ய விரும்பினால், முதலில் கலைஞரிடம் இசைவு பெற வேண்டும்; இயன்ற ஊதியம் அளிக்க வேண்டும்; தம் பாடலில் அவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றும் விதத்தையும், இரு குச்சிகளும் வெவ்வேறு ஒலி எழுப்பும் நுட்பத்தையும் அருகிருந்து பார்க்க வேண்டும். உறுமியின் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து எழுப்பும் ஒலியைக் கேட்டவர், வெறும் தட்டலால் அதை முழுதும் கொணர இயலாது என்பதையும் உணர்வர்.

பறையின் ஒலி பெட்டிக்குள் அடங்கலாம். அதை முழக்கியவரின் உழைப்பும் மானமும் அதனுள் அடங்கா. அவற்றை மதிக்கும் பிள்ளையின் கையில் பேட் கருவியும் ஒரு நல்ல தாளக்கருவியே ஆகும்.