டீசற் கணக்கும் சாரற்காற்றும்

செங்கோட்டை என்றவுடன் நம் கல்லூரி அன்பர் பலர்க்கும் அண்மையிலுள்ள குற்றால அருவியும், வாஞ்சிநாதன் பிறந்த ஊர் என்னும் பெருமையும், ஆரியங்காவுக் கணவாய் வழியே மலையைக் குடைந்து கொல்லம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையுமே நினைவிற்கு வரும். யான் ஈண்டு எழுதப் புகுந்தது இவற்றுள் ஒன்றைப் பற்றியுமன்று. அவ்வூர்ச் சாலையிலே மேற்கு நோக்கிச் செல்லும் வைக்கோல் லாரி குடிக்கும் எண்ணெயைப் பற்றியே எழுதுகின்றேன். தமிழ் பயில வந்தவனுக்கு டீசலோடு என்ன உறவு என்று நகைப்பார் நகைக்க. என் தாய்மாமன் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அச்சாலையில் லாரி ஓட்டி வருபவர். யான் இக்கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டிற் கட்டிய பணத்தில் ஒரு பகுதி அவர் கையினின்று வந்தது. சென்ற ஆடித் திங்களில் அவர் சம்பளத்திற் பிடித்தம் செய்யப்பட்டது. காரணம் யாதெனின், "டீசல் கணக்கு உதைக்கிறது" என்பதே. இச்சொற்குப் பொருள் விளங்காதார்க்குச் சொல்லுகின்றேன்: நீ எண்ணெயைத் திருடி விற்றுவிட்டாய் என்பதனை நாகரிகமாய்ச் சொல்லும் முறை அது.

லாரி முதலாளிமார் பலரும் ஒரு கணக்கு வைத்திருக்கின்றனர். ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வண்டி ஓடவேண்டும் என்பது அது. மைலேஜ் என்று அதனை வழங்குவர். என் மாமனுடைய முதலாளி வகுத்தது 4 கிலோமீட்டர். அதற்குக் குறைந்தால் குறைந்த எண்ணெயின் விலை ஓட்டுநர் தலையில் விழும். தையிலும் மாசியிலும் இக்கணக்குப் பிசகாமல் நிற்கின்றது. ஆனியும் ஆடியும் வந்தால் உதைக்கின்றது. ஓட்டுநர் ஒருவர் மாசி வரை நல்லவராயிருந்து ஆனி பிறந்ததும் கள்வராய் மாறிவிடுகின்றார் என்று கொள்ளுவதா, அன்றி ஆனியிலே வேறொன்று மாறுகின்றது என்று கொள்ளுவதா? இதுவே என் வினா.

மாறுவது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுமதிலைப்போல் நின்று தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுக்கின்றது. அம்மதிலில் சிற்சில இடங்களில் வாயில்கள் உண்டு. பாலக்காட்டில் ஒன்று, ஆரல்வாய்மொழியில் ஒன்று, செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் ஒன்று. பரந்து வரும் காற்று குறுகிய வாயிலில் நெருக்குண்டு வேகங்கொண்டு கீழைச் சமவெளியில் இறங்குகின்றது. குற்றாலத்துச் சாரலுக்கும் தென்காசி வட்டாரத்துக் காற்றாலைகளுக்கும் அதுவே தாய். நீராட வருவோர் அக்காற்றைத் தென்றல் என்று கொண்டாடுகின்றனர். நாமும் அதனை இலக்கியத்திற் படித்து மகிழ்கின்றோம். அதே காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு பாவூர்ச்சத்திரத்தினின்று செங்கோட்டைக்கு வைக்கோல் ஏற்றிச் செல்பவர் அதனை எப்பெயரால் அழைப்பார் என்பதை இம்மலரில் எழுதுதல் தகாது.

மலையாள நாட்டுப் பசுக்களுக்கு நம் பக்கத்து வைக்கோல் வேண்டும். பிசான அறுவடை கழிந்து போரிட்டு வைத்ததைக் கட்டுக் கட்டாக லாரியில் அடுக்குவர். பக்கங்களிலே பிதுங்கி, முன்னே ஓட்டுநர் தலைக்குமேல் கவிந்து, தெருவில் ஒரு வீடே நடந்து வருவதுபோல அவ்வண்டி வரும். பார்ப்பவர் "எவ்வளவு பாரம்!" என்பர். உண்மையில் அது பாரமன்று, பருமனே. நம் நாட்டில் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 18.5 டன் வரை இருக்கலாம் என்று 2018-ஆம் ஆண்டில் வரம்பு உயர்த்தப்பட்டது. வைக்கோல் லாரியோ மலைபோல் அடுக்கியும் 10 டன்னை ஒட்டியே நிற்கும். முதலாளியின் வாதம் இவ்விடத்தில்தான் தொடங்குகின்றது. "பாரமில்லாத வண்டிக்கு எண்ணெய் ஏன் கூடுதல்?" என்று அவர் கேட்டார். என் மாமனுக்கு விடை தெரியும். அதனைக் கணக்காகச் சொல்ல வராது. ஆதலின் விடுதியில் என் அறைத்தோழராயிருக்கும் பௌதிக மாணவரைத் துணைக்கொண்டு யான் கணக்கிட்டேன். பிழையிருப்பின் பழி என்னுடையது. அவர் கூட்டலிற் பிழைப்பவரல்லர்.

ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ 36 மெகாஜூல். ருடால்ப் டீசல் என்பார் 1897-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய எஞ்சின் தான் உண்ட எண்ணெயின் ஆற்றலில் காற்பங்கு அளவே உழைப்பாக மாற்றியது. நீராவி எஞ்சின்களை நோக்க அதுவே அந்நாளில் பெருவியப்பு. இக்காலத்து லாரி எஞ்சின் நூற்றுக்கு நாற்பது வரை எட்டுகின்றது. எஞ்சினிலும் கியரிலும் அச்சிலும் கழிந்தது போகச் சக்கரத்திற்கு வந்து சேர்வது லிட்டருக்கு 13 மெகாஜூல் என்று கொள்வோம். சமவெளியில் அவ்வாற்றலைச் செலவிடுவோர் இருவர். தரையில் உருளும் டயர் ஒருவர். எதிர்க்கும் காற்று மற்றொருவர். 10 டன் வண்டியை ஒரு கிலோமீட்டர் உருட்டுவதற்கு 0.8 மெகாஜூல் அளவே போதும். வைக்கோல் லாரியின் முகப்பு அகலம் மூன்றரை மீட்டர், உயரம் நாலரை மீட்டர் என்று கொண்டால் பரப்பு ஏறத்தாழ 15 சதுர மீட்டராகின்றது. வெற்று லாரியின் முகப்பு அதிற் பாதியே. காற்றில்லாத நாளில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அம்முகப்பைக் காற்றுக்குள் நுழைக்க ஒரு கிலோமீட்டருக்கு 2.5 மெகாஜூல் வேண்டும். ஆக 3.3, லிட்டருக்கு 4 கிலோமீட்டர். முதலாளி வகுத்த கணக்கு எங்கிருந்து பிறந்தது என்பது இப்பொழுது புலனாகும். அது காற்று அடங்கிய மாதத்துக் கணக்கு.

இனி ஆடி மாதத்திற்கு வருவோம். மேற்கினின்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திற் காற்று வீசுகின்றது. வண்டி மேற்கு நோக்கி 60-இற் போகின்றது. வண்டியின் முகம் காணுவது 60 அன்று, 90. காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் ஒன்றரை மடங்கானால் எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. ஆகவே 2.5 என்பது 5.6 ஆகின்றது. உருட்டும் செலவையும் கூட்டினால் 6.4. லிட்டருக்கு 2 கிலோமீட்டர்! ஒரு துளியும் திருடாமல், எஞ்சினில் ஒரு பழுதும் இல்லாமல், மைலேஜ் பாதியாய்க் குறைந்துவிட்டது. காற்று என்றும் நேரெதிரே வீசாது, என்றும் 30-இல் நில்லாது என்பது உண்மையே. எனினும் கணக்கின் போக்கு அதனால் மாறாது.

இதற்கு முதலாளி சொன்ன மறுமொழி கூர்மையானது. அதனை மறைத்தல் நேர்மையன்று. "போகும்போது தள்ளின காற்று வரும்போது தாங்குமே, இரண்டும் நேருக்கு நேர் சரியாகப் போயிற்று" என்றார். கேட்ட அளவில் யானும் மயங்கினேன். ஆனால் வர்க்கக் கணக்கு அவ்வாறு விடுவதில்லை. போகும்போது வைக்கோலும் எதிர்க்காற்றுமாகக் கிலோமீட்டருக்குக் கூடுதலாய்ச் செலவானது 3.1 மெகாஜூல். திரும்பும்போது வண்டி வெறுமை, முகப்போ பாதி. காற்றில்லாத நாளில் அதற்குச் செலவு 1.25, பின்காற்று வீசுகையில் அது 0.3 ஆகின்றது. மிச்சம் 0.95. மூன்று ரூபாய் கொடுத்து ஒரு ரூபாயும் நிறையாமல் திரும்பப் பெறுவது சரியாகப் போயிற்று என்றால், அவ்வியாபாரத்தை அம்முதலாளி தம் கடையில் ஒரு நாளும் செய்யமாட்டார்.

அதே முதலாளியிடம் பாறைப்பொடியும் சல்லியும் ஏற்றிப் புனலூர்ப்பக்கம் செல்லும் லாரிகளும் உண்டு. அவற்றின் கதை வேறு. அவை குட்டை, பாரமோ மிகுதி. காற்று அவற்றை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. புளியரையைக் கடந்து மலையேறும் வளைவுகளே அவற்றின் எண்ணெயை உறிஞ்சும். 18.5 டன் வண்டியை 100 மீட்டர் உயரத்திற்குத் தூக்குவதற்கே 18 மெகாஜூல், அஃதாவது ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான டீசல் வேண்டும். முன்னே நகர்வதற்கான செலவு தனி. மலையை வெட்டி மலைக்கு அப்பால் கொண்டுபோகும் அத்தொழிலைப் பற்றி எனக்கு வேறு கருத்துகள் உண்டு. அவற்றிற்கு இது இடமன்று. யான் சொல்ல வந்தது, ஒன்று காற்றோடும் மற்றொன்று மேட்டோடும் போராடும் இருவகை வண்டிகளையும் ஒரே எண்ணால் அளப்பது ஒரே முழக்கோலால் துணியையும் பாலையும் அளப்பது போன்றது என்பதே.

இவ்வுண்மையை அமெரிக்க நாட்டார் விடுமுறைக் களிப்பில் அறிந்துகொள்ளுகின்றனர். அங்கே வசதியுடையோர் பின்புறம் திறந்த டீசல் பிக்கப் வண்டியின் பின்னே சமையலறையும் படுக்கையறையும் கொண்ட ஒரு சக்கர வீட்டைப் பூட்டி நாடு சுற்றுகின்றனர். தனியே ஓடும்போது லிட்டருக்கு எட்டு கிலோமீட்டருக்குமேல் தரும் வண்டி, அவ்வீட்டை இழுக்கும்போது நாலையொட்டி இறங்கிவிடும். வீட்டின் எடைதான் காரணம் என்று முதலில் எண்ணுவர். சமவெளி நெடுஞ்சாலையில் பெரும்பழி அவ்வீட்டின் உயர்ந்த சுவரையே சாரும். ஆகவே பழகினவர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுகின்றனர். நம் வைக்கோல் லாரியும் அச்சக்கர வீடும் இவ்வகையில் உடன்பிறந்தவை. வேற்றுமை ஒன்றுண்டு. அங்கே எண்ணெய்க் காசு உல்லாசத்தினின்று போகின்றது. இங்கே கூலியினின்று போகின்றது.

இருப்புப்பாதை இவ்வழக்கைத் தீர்க்காதா என்று கேட்கலாம். உருக்குச் சக்கரம் உருக்குத் தண்டவாளத்தில் உருளும் எதிர்ப்பு டயரின் எதிர்ப்பில் ஐந்தில் ஒன்றளவே. 1904-ஆம் ஆண்டு நவம்பரில் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே மீட்டர் பாதை திறக்கப்பட்டபொழுது செங்கோட்டை திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. 1956-இலேதான் அது நம் மாநிலத்தோடு இணைந்தது. அம்மலைப் பகுதியில் வண்டித்தொடரைப் பின்னின்று தள்ளுவதற்கு மற்றோர் எஞ்சினைப் பூட்டுவர். ஏற்றத்தின் விலையை இரயில்வேயார் மறைக்கவில்லை. மற்றோர் எஞ்சினாகவே கண்முன் காட்டினர். அவ்வெஞ்சின் தின்ற எண்ணெயை எந்த ஓட்டுநர் சம்பளத்திலும் அவர்கள் பிடிக்கவில்லை. 2010-இல் அப்பாதை மூடப்பெற்று, அகலப்பாதையாகி, 2018-இல் மீண்டும் திறந்தது. ஆயினும் களத்தினின்று மாட்டுத்தொழுவம் வரை செல்லவேண்டிய வைக்கோலுக்கு லாரியே வழி.

முதலாளிமார் பக்கம் நியாயமே இல்லை என்று யான் சொல்லவில்லை. எண்ணெய் திருடுபவர் உண்டு. வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினை ஓடவிட்டு உறங்குபவர் உண்டு. அளவு ஒன்று இல்லாவிடின் தொழில் நடவாது. அளவு வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் வழக்கில்லை. அவ்வளவு மாதத்தையும் திசையையும் சுமையின் உருவத்தையும் அறிந்திருக்கவேண்டும் என்பதிலேதான் வழக்கு. ஒரு பயணத்திற்கு ஓர் எண் என்றில்லாமல், வைக்கோலுக்கு ஒன்று, சல்லிக்கு ஒன்று, ஆனி முதல் ஆவணி வரை ஒன்று எனச் சில எண்கள் வகுத்தல் அரிய செயலன்று. இரண்டு ஆண்டுப் பழைய பில்களைப் புரட்டினால் அவ்வெண்கள் தாமே எழுந்து நிற்கும்.

வேறொன்றும் உண்டு. காற்றுக் காலத்தில் 60-இற் போகாமல் 45-இற் போனால் முகப்புக் காணும் வேகம் 90-இனின்று 75 ஆகும். காற்றின் எதிர்ப்பு நூற்றுக்கு முப்பது குறையும். திருநெல்வேலியினின்று செங்கோட்டை வரையுள்ள ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இதனால் எட்டு லிட்டர் அளவு மிஞ்சும். இழப்பது 20 நிமிடம். ஆனால் "சீக்கிரம் போய்ச் சேர்" என்று தொலைபேசியில் மணிக்கொருமுறை விரட்டுபவரும் "எண்ணெய் ஏன் கூடிற்று" என்று மாதக் கடைசியிற் கேட்பவரும் ஒருவரே. சுமையைக் குட்டையாகவும் ஒடுக்கமாகவும் அடுக்கலாம் என்பது என் அறைத்தோழர் கருத்து. சாலையில் எதிரே வருவோர்க்கு அது பெருநன்மை என்பதில் ஐயமில்லை. எண்ணெய்க் கணக்கிலோ கட்டுகளும் குறைந்துவிடுவதால் ஒரு கட்டுக்கு ஆகும் செலவு எவ்வளவு இறங்கும் என்பதில் எனக்கு முழுத் தெளிவில்லை.

இக்கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதி விடுமுறையில் மாமனிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை அணிந்து நெடுநேரம் பார்த்தார். "மருமகனே, இந்த 30-ன்னு போட்டிருக்கியே, அது ஆனியில சரி. ஆடியில ஆய்க்குடி விலக்குப் பக்கம் நின்னு பாரு, வண்டியே ஒதுங்கும்" என்று சொல்லித் தாளை மடித்து உரிமத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அதனை முதலாளியிடம் காட்டினாராம். முதலாளி வாசித்தார், கணக்கெழுதுபவரைக் கூப்பிட்டு அவரையும் வாசிக்கச் சொன்னார், ஆடி மாதத்துப் பில்களை எடுத்து வைக்கும்படி கூறினார். பிடித்த பணம் இதனை எழுதும்வரை திரும்பவில்லை. மாமன் இப்பொழுது பயணந்தோறும் புறப்பட்ட நேரம், சுமை, காற்றின் திசை, எண்ணெய் அளவு ஆகிய நான்கையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகின்றார். எழுதுகோலைப் பிடித்து நெடுநாளான கை. எழுத்துச் சற்றே கோணலாயிருக்கின்றது. எண்கள் தெளிவாயிருக்கின்றன.