தூண்டில் ஓய்ந்திருக்கும் மாதங்கள்

தியானப் பகுதி: மத்தேயு 4:18-22, கலாத்தியர் 6:1



நமது மாவட்டத்தின் கடற்கரையில் ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குள் செல்லலாகாது. 2001-ஆம் ஆண்டில் 45 நாட்களாக ஏற்படுத்தப்பட்ட இத்தடை 2017-இல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. மீன்கள் முட்டையிட்டு இனம்பெருகும் பருவத்தில் கடலின் அடிமண்ணை இழுவலைகள் வாரிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதே இதன் நோக்கம். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் இப்போது படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். சில கரையேற்றப்பட்டு, அடிப்பலகை பார்க்கப்பட்டு, வண்ணம் பூசப்படும். இயந்திரங்கள் பிரித்துக் கழுவப்படும். நிழல் விழும் இடமெல்லாம் வலைகள் விரிந்திருக்கும்.

கடலிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு அப்பால், பீங்கான் சூளைகளின் நடுவே வாழும் நமக்கு இதனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நம்மூரிலும் ஒரு தடைக்காலம் உண்டு. அதை அரசாங்கம் அறிவிப்பதில்லை, மணிமுத்தாறு அறிவிக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் பெருகி ஓடும் ஆறு, சித்திரை பிறக்குமுன்னே மணலாகிவிடுகிறது. ஏரிகளும் குட்டைகளும் வற்றுகின்றன. விராலுக்கும் கெளுத்திக்கும் தூண்டில் போட்டுக் கரையில் காத்திருப்பவர்கள் அப்பொழுது கழியைச் சுருட்டி வைத்துவிட வேண்டியதுதான். மீன் பிடிக்க இயலாத அம்மாதங்களில் மீன்பிடிக்கிறவன் என்ன செய்கிறான் என்னும் கேள்வியையே இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறேன். இதை ஒரு அறிக்கையிடுதலாகவும் எழுதுகிறேன்.

நமது சபையின் மூத்த அண்ணன் ஒருவரை நான் இரண்டு ஆண்டுகளாகச் சந்திக்காமல் இருந்தேன். பீங்கான் தொழிலில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அநேக ஆண்டுகள் பாடம் நடத்தியவர். சங்கக் கூட்டம் ஒன்றில் எல்லார் முன்னிலும் நான் அவரிடம் கடுமையாகப் பேசினேன். காரியம் சிறியது, என் வார்த்தை பெரியது. அதற்குப்பின் அவர் ஆலயத்துக்கு வரவில்லை. “காலம் ஆற்றும், அவராகவே வருவார்” என்று நான் சொல்லிக்கொண்டேன். சென்ற வாரம் வேறொரு வீட்டுக்குப் போகும் வழியில், அவருடைய திண்ணையைக் கடக்க வேண்டியதாயிற்று. அவர் என்னைக் கண்டு, “வாங்க ஐயா, உட்காருங்க” என்றார். அதற்குமேல் நடந்து போக எனக்குத் துணிவில்லை.

திண்ணையில் ஒரு பழைய வேட்டியை விரித்து, தம்முடைய தூண்டில் சாமான்களை எல்லாம் பரப்பி வைத்திருந்தார். ரீலைக் கழற்றி, மணல் போக நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, அச்சில் ஒரு துளி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். துருவேறிய முட்களைத் தனியே ஒதுக்கினார். நல்ல முட்களை உலர்ந்த டப்பியில் அடுக்கினார். வெயில் பட்டு வெளுத்துப்போன நரம்பை ஒரு முழம் இழுத்துப் பார்த்தார், அது அறுந்தது. “பார்க்க நல்லாத்தான் இருக்கும் ஐயா. பெரிய மீன் இழுக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும்” என்றார். பின்பு ரீலின் இறுக்கத்தைத் தளர்த்தி வைத்தார். ஏன் என்று கேட்டேன். “இறுக்கினபடியே மாதக்கணக்கில் வைத்தால் உள்ளே இருக்கும் வட்டுகள் அழுந்திப் போகும். வேலை இல்லாத நாளில் தளர்த்திவிட வேண்டும்” என்றார்.

அருகில் அவருடைய பேரன் கைப்பேசியில் மீன்பிடி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். திரையில் நீலநிறமான ஏரி. விரலை அசைத்தால் தூண்டில் பறக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் நம்மூர் கண்டிராத பெரிய மீன் ஒன்று துள்ளி மேலே வருகிறது. தாத்தா சிரித்துக்கொண்டே, “அவனுக்கு வருஷம் முழுக்க தண்ணி. அவன் முள்ளு துருப்பிடிக்காது” என்றார்.

பிரியமானவர்களே, அந்தப் பிள்ளையைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. ஆறு வற்றிய மாதத்தில் அந்த விளையாட்டு அவனுக்குள் ஆற்றின்மேல் உள்ள ஆசையை உயிரோடு வைத்திருக்கக்கூடும். மழை வந்தபின் தாத்தாவோடு கரைக்குப் போக அதுவே அவனைத் தூண்டவும் கூடும். விளையாட்டு பாவமல்ல. ஆனால் அந்தத் திரையில் மூன்று காரியங்கள் இல்லை என்பதைக் கவனித்தேன். அங்கே வற்றும் பருவம் இல்லை. அங்கே கழுவ வேண்டிய கருவி இல்லை. அங்கே அறுந்துபோன ஒன்றை உட்கார்ந்து கட்ட வேண்டிய தேவை இல்லை.

வீட்டுக்குத் திரும்புகையில் எனக்குத் தோன்றியது இதுதான்: நம்மில் அநேகர் தேவனோடுள்ள வாழ்க்கையையும் இப்படியே ஆக்கிக்கொண்டோம். நல்ல பிரசங்கங்கள் கைப்பேசியில் நாள் முழுவதும் கிடைக்கின்றன. பாடல்களைக் கேட்டுக் கண்ணீர் விடுகிறோம். அது வீண் என்று நான் சொல்லேன். ஆயினும் திரையில் பிரசங்கம் கேட்பதற்கு யாரையும் மன்னிக்க வேண்டியதில்லை. நம்மோடு பேச்சை நிறுத்திவிட்ட சகோதரியின் அருகில் ஒரே பெஞ்சியில் உட்கார வேண்டியதில்லை. துருப்பிடிக்கக்கூடியது எதுவும் அங்கே நம் கையில் கொடுக்கப்படவில்லை. ஆகவே பராமரிக்கவும் நாம் கற்றுக்கொள்வதில்லை.

வேதத்திற்கு வருவோம். ஆண்டவர் கலிலேயாக் கடலோரத்தில் சீஷர்களை அழைத்தபோது, பேதுருவும் அந்திரேயாவும் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். செபெதேயுவின் குமாரராகிய யாக்கோபும் யோவானுமோ தகப்பனோடு படவிலிருந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். வீசுகிறவர்களைப் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். பழுதுபார்த்தவர்களைப் பற்றி மிகக் குறைவு. ஆனால் ஆண்டவருடைய பார்வையில் இரண்டும் வேலையே. வீசிக்கொண்டிருந்தவர்களையும் அழைத்தார், செப்பனிட்டுக்கொண்டிருந்தவர்களையும் அழைத்தார்.

லூக்கா 5-ஆம் அதிகாரத்தில் இன்னொரு காட்சி இருக்கிறது. இராமுழுவதும் உழைத்தும் ஒன்றும் அகப்படாத காலையில், அவர்கள் வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மீனும் விழாத வலையை ஏன் கழுவ வேண்டும்? அக்காலத்தில் வலைகள் சணல்நூல் போன்ற நார்நூலால் ஆனவை. கழுவி உலர்த்தாவிட்டால் இற்றுப்போகும். பலன் கிடைத்த நாளில் மட்டும் கருவியைப் பேணுகிறவன் மீனவன் அல்லன். பலன் இல்லாத இரவுக்குப் பின்னும் வலையைக் கழுவி வைத்தவர்களுக்கே அடுத்த வீச்சில் படவு அமிழத்தக்க மீன்கள் கிடைத்தன.

மத்தேயுவும் மாற்குவும் வலையைப் பழுதுபார்த்தார்கள் என்று எழுதும்போது வழங்கும் கிரேக்க வினைச்சொல்லையே பவுல் அப்போஸ்தலன் கலாத்தியர் 6:1-இல் வழங்குகிறார். குற்றத்தில் அகப்பட்ட ஒருவனை ஆவிக்குரியவர்கள் சாந்தத்தோடே என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லும் இடம் அது. நமது தமிழ் வேதாகமத்தில் “சீர்பொருந்தப்பண்ணுதல்” என்று வருகிறது. கட்சிகளாகப் பிளந்திருந்த கொரிந்து சபைக்கு 1 கொரிந்தியர் 1:10-இல் எழுதும்போதும் அதே சொல்தான். பண்டைய கிரேக்க மருத்துவர்கள் விலகிய எலும்பைப் பொருத்துவதற்கும் அச்சொல்லை வழங்கினார்கள். வலையின் கிழிசல், எலும்பின் விலகல், சபையின் பிளவு: மூன்றுக்கும் ஒரே சொல், ஒரே வேலை.

அந்த வேலை எப்படிச் செய்யப்படுகிறது என்பதைத் துறைமுகத்தில் சற்று நின்று பார்த்தால் விளங்கும். கிழிந்த இடத்தை அப்படியே இழுத்து முடிச்சுப் போட்டால், அவ்விடத்தில் கண்கள் சுருங்கி, வலை கோணி, அடுத்த இழுப்பில் அதன் அருகே மறுபடியும் கிழியும். ஆகவே கைதேர்ந்தவர் முதலாவது கத்தியை எடுக்கிறார். பிய்ந்துபோன கண்ணிகளை வெட்டி ஓட்டையைப் பெரிதாக்குகிறார். நல்ல நூல் தென்படும்வரை வெட்டுகிறார். அதற்குப்பின்பே வலையூசியால் ஒவ்வொரு கண்ணாக, ஒரே அளவாக, பின்னிக்கொண்டு வருகிறார். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அவர் வலையைக் கெடுப்பதுபோல் தோன்றும்.

நான் திண்ணையில் உட்கார்ந்தபோது, “எல்லாம் மறந்துவிடுவோம் அண்ணா” என்று ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்துவிடவே என் மனம் விரும்பியது. அது இழுத்துக் கட்டும் முடிச்சு. ஆகவே அன்றைய கூட்டத்தில் நான் சொன்ன வார்த்தையை மறுபடியும் என் வாயால் சொல்லி, “அது தவறு, அதைவிடத் தவறு இரண்டு வருடம் நான் வராமலிருந்தது” என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பின்பு, “நீங்க பேசினது பத்து நாளில் ஆறிடுச்சு ஐயா. நீங்க வரலைங்கறதுதான் ஆறலை” என்றார். அந்த ஓட்டை நான் நினைத்திருந்ததைவிடப் பெரிது. அவர் இன்னும் ஆலயத்துக்கு வரவில்லை. வருவேன் என்று வாக்குக் கொடுக்கவும் இல்லை. முதல் வரிசைக் கண்கள் மட்டுமே பின்னப்பட்டிருக்கின்றன.

சூளையை அறிந்த ஊரார் நாம். நெருப்பை அணைத்தவுடன் சூளையைத் திறந்தால் பீங்கான் வெடித்துவிடும். மெதுவாக ஆற வேண்டும். இதை நான் எனக்குச் சாக்காக வைத்திருந்தேன். ஆனால் ஆறிய சூளையைத் திறவாமலே பூட்டி வைக்கிறவன் பொறுமைசாலி அல்லன். அவனுடைய சரக்கு உள்ளேயே கிடக்கிறது.

இனி என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லுகிறேன். மே மாதத்தில் மூன்று நாள் சிறப்புக் கூட்டம் நடத்துவதென்று சபைச் சங்கத்தில் பேசப்பட்டு வருகிறது. அதை இவ்வாண்டு நடத்த வேண்டாம் என்பது என் எண்ணம். விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கட்டும், அது பிள்ளைகளுக்குரியது. ஆனால் பந்தலும் ஒலிபெருக்கியும் வெளியூர்ப் பிரசங்கியாருமாக மற்றொரு வீச்சு வீச, நம் வலை இப்போது தகுதியாயில்லை. நமது பதிவேட்டில் பெயர் இருந்தும் ஆராதனையில் முகம் காணாத குடும்பங்கள் இருக்கின்றன. சிலர் என்னால் போனார்கள். சிலர் உங்களால் போனார்கள். ஏன் போனார்கள் என்று கேட்கவே ஆளில்லாமல் சிலர் போனார்கள். புதிதாக அகப்படுகிறவர்களும் அதே ஓட்டைகள் வழியாகத்தான் போவார்கள்.

இதற்கு வரும் மறுப்பையும் நான் அறிவேன். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் மே மாதத்தில்தான் ஊருக்கு வருகிறார்கள்; அவர்கள் வசனம் கேட்க வேண்டாமா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கேட்கட்டும்; ஞாயிறு ஆராதனை இருக்கிறது. ஆனால் அவர்கள் தங்கள் தகப்பனும் சிற்றப்பனும் ஒரே வாசலில் நின்று கைகொடுப்பதைக் கண்டுவிட்டுத் திரும்பிப் போனால், மூன்று நாள் பிரசங்கத்தைவிட அது அவர்களோடு நெடுந்தூரம் போகும் என்று நம்புகிறேன்.

ஊழியக்காரனாகிய எனக்கு மற்றொரு எச்சரிப்பும் உண்டு. ஆபகூக் முதலாம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி, தன் வலைக்கே பலியிட்டு அதற்கே தூபங்காட்டுகிறவனைப் பற்றிப் பேசுகிறார். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி மகிழும் ஒவ்வொரு முறையும் அந்தத் தூபத்தின் வாசனை என் வஸ்திரத்தில் இருக்கிறது.

தடைக்காலத்தை இனிமையான ஓய்வு என்று நான் வர்ணிக்கத் துணியேன். கடலோரக் குடும்பங்களுக்கு அரசு அளிக்கும் நிவாரணம் 8,000 ரூபாய். 61 நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். அடகுக்குப் போகும் நகைகளும், பிழைப்புக்காகக் கேரளக் கரைக்குப் போகும் ஆண்களும் அதில் உண்டு. ஆகையால் இந்த வாரம் அவர்களுக்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். அந்தக் கஷ்டத்தின் நடுவிலும் வலையூசியைக் கையில் எடுக்கிறார்களே, அதுவே நமக்குப் பாடம்.

நமக்கு ஜூன் 14 வரை ஏழு வாரங்கள் இருக்கின்றன. நமது குடும்பங்களிலிருந்து இருவர் இருவராகப் போவோம். கூட்டத்துக்கு அழைக்கப் போக வேண்டாம். “நாங்கள் வராமலிருந்தது தவறு” என்று சொல்லப் போவோம். வாரத்துக்கு ஒரு வீடு போதும். இறுகிப்போன மனதைச் சற்றுத் தளர்த்தி வைப்போம். பார்வைக்கு நன்றாயிருந்து உள்ளே வெளுத்துப்போன நட்பு எது என்று இழுத்துப் பார்ப்போம். எந்த வீட்டுக்குப் போக உங்கள் கால் தயங்குகிறதோ, முதலாவது அங்கே போங்கள். நானும் மறுபடியும் அந்தத் திண்ணைக்குப் போகிறேன்.

ஜெபம்: எங்கள் பரம தகப்பனே, வீசுகிற நாளிலும் செப்பனிடுகிற நாளிலும் எங்களைக் காண்கிறவரே, எங்கள் கைகளால் கிழிந்தவற்றை எங்கள் கைகளாலேயே பின்னுவதற்கு எங்களுக்குத் தாழ்மையைத் தாரும். நாங்கள் போகத் தயங்கும் வாசலில் எங்களுக்கு முன்னே நீர் நின்றருளும். கடலோரக் குடும்பங்களை இந்த நாட்களில் போஷித்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்