ஜெயில்ல இருந்து ஜெயிக்கலாம், ஓட்டு மட்டும் போடக்கூடாது!

மக்களே, இன்னிக்கு மொக்கை கிடையாது. கொஞ்சம் சீரியஸ் மேட்டர்.

2024 மக்களவைத் தேர்தல்ல திகார் ஜெயில்ல இருந்துக்கிட்டே எஞ்சினியர் ரஷீத் பாராமுல்லாவுல உமர் அப்துல்லாவைத் தோற்கடிச்சார். ஆனா தன் ஓட்டைத் தனக்கே போட்டுக்க அவருக்குச் சட்டத்துல வழியில்லை. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 62(5) படி சிறையிலயோ போலீஸ் காவல்லயோ இருந்தா ஓட்டு கிடையாது. குற்றம் நிரூபணம் ஆகணும்னு அவசியமே இல்லை, ரிமாண்டு போதும். வேட்பாளரா நிக்கறதுக்கு மட்டும் 2013-ல தனியா சட்டத்திருத்தமே கொண்டு வந்துட்டாங்க!

"குற்றவாளிக்கு எதுக்குய்யா ஓட்டு?"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு கணக்கு. 2022 முடிவுல இந்தியச் சிறைகள்ல இருந்தவங்க 5.73 லட்சம். அதுல 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிங்க. அதே குற்றச்சாட்டோட ஜாமீன்ல வெளிய வந்தவர் ஜம்முனு போய் ஓட்டு போடலாம். ஆக சட்டம் கேக்கறது "தப்பு செஞ்சியா?"ன்னு இல்லை, "ஜாமீனுக்கு வக்கு இருக்கா?"ன்னு. இப்படி ஒரு கண்டிஷன் எழுதினா எங்க டீம்ல கோட் ரிவ்யூவுலயே தூக்கி அடிப்பாங்க.

எங்க திருவண்ணாமலை மாவட்டத்துக்கே வருவோம். 2023 நவம்பர்ல செய்யாறு பக்கம் மேல்மா சிப்காட்டுக்கு நிலம் எடுக்கறதை எதிர்த்த விவசாயிங்க கைதானாங்க. 7 பேர் மேல குண்டாஸ். எதிர்ப்பு கிளம்பினதும் 6 பேர் மேல போட்டதை அரசே வாபஸ் வாங்குச்சு. அந்த மாசம் இங்க தேர்தல் வந்திருந்தா? 62(5) தடுப்புக்காவலுக்கு மட்டும் விலக்கு தருது, தபால் ஓட்டு உண்டு. அதாவது ஆபத்தானவர்னு குண்டாஸ்ல வச்சா ஓட்டு உண்டு. அதே போராட்டத்துக்குச் சாதாரண வழக்குல ரிமாண்டுன்னா கிடையாது. என்ன லாஜிக்குங்க இது?

1997-ல உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும்னுடுச்சு. கைதிங்களை ஓட்டு போட வைக்க நிறைய போலீஸ், பாதுகாப்பு வேணும்ங்கறது ஒரு காரணம். 2024-ல 85 வயசு தாண்டினவங்க வீட்டுக்கே போய் ஓட்டு வாங்கினோமே, ஜெயிலுக்குள்ள ஒரு தபால் பெட்டி வைக்க முடியாதா? தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் 1999-லயே கைதிங்க ஓட்டு போட ஏற்பாடு பண்ணச் சொல்லிடுச்சு.

தண்டனை பெற்றவங்க விஷயத்தைத் தனியா விவாதிக்கலாம். விசாரணைக் கைதியோட ஓட்டைப் பறிக்கறது விசாரணைக்கு முன்னாடியே கொடுக்கற தண்டனை. இல்லைங்கறவங்க பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம்.