சமன்பாடு ஒரு தராசு

கிளிஞ்சல்மேட்டில் மீன் வாங்கும்போது தராசு நேராக நிற்கலைன்னா யாரும் சும்மா விட மாட்டாங்க. வேதியியல் சமன்பாடும் தராசுதான். இதே கடற்கரையில் வடக்கே, பரங்கிப்பேட்டையில், 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்துத் தாதுவை உருக்கி இரும்பு எடுத்தார். அந்தத் தாது மேக்னடைட்: 3 இரும்பு அணு, 4 ஆக்சிஜன் அணு. ஆக்சிஜனைப் பிரிக்க 4 கார்பன் மோனாக்சைடு வேணும். கிடைப்பது 3 இரும்பு, 4 கார்பன் டை ஆக்சைடு. எடை போட்டுப் பாருங்க: 232 கிலோ தாது, 112 கிலோ வாயு, மொத்தம் 344. வெளிவருவது 168 கிலோ இரும்பு, 176 கிலோ கார்பன் டை ஆக்சைடு, அதுவும் 344. அந்த 112 கிலோ வாயுவில் கார்பன் மட்டும் 48 கிலோ. அது மரக்கரியிலிருந்து வந்தது. கரிக்காகக் காட்டு மரங்கள் விழுந்தன. எண்களை மனப்பாடம் செய்தவருக்கு இந்த விலை தெரியாது. ஆசிரியர்களே, 'சமன் செய்க' என்பதோடு நிறுத்தாதீர்கள், 'எவ்வளவு கரி?' என்றும் கேளுங்கள்.