மழைக்குப் பின்னே வரும் வறட்சி

டிசம்பர், ஜனவரியில் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வீவக வீடுகளில் மூங்கில் கழியில் மாட்டிய துணி இரண்டு நாளானாலும் காயாது. 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரு நாள்களில் மட்டும் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஜனவரி முழுவதற்குமான சராசரியே 222.4 மில்லிமீட்டர்தான்.

இந்த மழையின் தொடக்கம் சைபீரியாவில். குளிர்காலத்தில் அங்கே திரளும் கனத்த குளிர்காற்று அவ்வப்போது கட்டவிழ்ந்து தென்சீனக் கடல் வழியே தெற்கே பாய்கிறது. வெதுவெதுப்பான கடலிலிருந்து வழியெல்லாம் ஈரத்தை அள்ளிக்கொண்டு, பூமத்தியரேகையை ஒட்டிக் குவிந்து மேலெழுந்து, நாள்கணக்கில் விடாமல் மழையாகப் பெய்கிறது. பிப்ரவரியில் மழைப்பட்டை ஜாவா பக்கம் இறங்கிவிடும். அப்போதும் வீசுவது அதே வடகிழக்குக் காற்றுதான், மழைதான் இருக்காது. 2014 பிப்ரவரியில் சாங்கியில் பதிவானது வெறும் 0.2 மில்லிமீட்டர். 1869 முதலான பதிவுகளில் அவ்வளவு வறண்ட மாதம் அதுவரை இருந்ததில்லை. தீவெங்கும் புல் காய்ந்து பழுப்பேறியது.

தஞ்சோங் பகாரில் வேரூன்றிய கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்களுக்கு இந்தக் காற்றைத் தெரியும். ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் குளம் நிரப்புவதும் இதே பருவக்காற்றுதான். 2016இல் அது பொய்த்துத் தமிழகத்தில் வழக்கமான மழையில் நாற்பது விழுக்காடுகூடப் பெய்யவில்லை. கருகிய பயிரோடு விவசாயிகள் தவித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு எல் நினோ ஆண்டு. அப்போது இங்கே வறட்சியும் புகைமூட்டமும், சென்னையில் பெருவெள்ளம். ஓரிடத்து வானத்தைப் பார்த்து மற்றோரிடத்தைக் கணிக்க முடியாது.

வெள்ளத்துக்கு நாம் நன்றாகவே தயாராகிவிட்டோம். 1978 டிசம்பர் வெள்ளத்தில் உயிர்கள் பறிபோன தீவு இது. இன்று கால்வாய்கள் அகன்றிருக்கின்றன. கடல் ஏறி நிற்கும் நேரத்திலும் மரீனா அணைக்கட்டின் பம்புகள் நீரை வெளியேற்றுகின்றன. வறட்சி விஷயத்தில்தான் மெத்தனம். 1963இல் தண்ணீர்ப் பங்கீட்டுக்காக வாளியோடு நின்ற தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அவர்களிடம் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜொகூரின் லிங்கியூ நீர்த்தேக்கம் திறந்துவிடும் நீர்தான் ஜொகூர் ஆற்றில் கடல்நீர் ஏறாமல் தடுக்கிறது. அதனால்தான் நமக்கு அந்த ஆற்றுநீர் கிடைக்கிறது. 2016 அக்டோபரில் அந்த நீர்த்தேக்கம் இருபது விழுக்காட்டுக்குச் சரிந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் புதுநீரும் கைகொடுக்கும் என்பது உண்மை. அவற்றுக்குச் செலவாகும் மின்சாரமும் உண்மை.

திடீர் வெள்ள எச்சரிக்கை இப்போது கைப்பேசிக்கே வருகிறது. ஜனவரி முதல் ஒவ்வொரு வாரமும் லிங்கியூவின் நீர்மட்டத்தையும் தமிழ்ச் செய்தியில் சொல்ல வேண்டும் என்று பொதுப் பயனீட்டுக் கழகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் பக்கங்களில் அதற்கு இடம் உண்டு.