அந்தக் கம்பியை நாளைக்குப் பிடிக்கப்போவது யார்?

தெருவில் ஸ்கீ ஓடும் வீடியோக்கள் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். மலை இல்லை, லிஃப்ட் இல்லை. ஏதோவொரு கட்டடத்தின் வாசல் படிக்கட்டு, அதன் நடுவில் ஒரு இரும்புக் கைபிடி, சுற்றிவரப் பனி. ஒரு பெடியன் மேலேயிருந்து வேகமாக வந்து, துள்ளிக் கைபிடியில் ஏறி, ஸ்கீ இரண்டையும் குறுக்காக வைத்தபடி அடிவரைக்கும் வழுக்கிக்கொண்டு போகிறான். நாலைந்து செக்கனில் எல்லாம் முடிந்துவிடும். பனியைக் கண்ணாலும் காணாத உனக்கு இதில் என்ன கிடக்கு எண்டு விடுதியில் கேட்காத ஆள் இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

பார்க்கப் பார்க்க ஒன்று விளங்கியது. இந்த விளையாட்டில் பாதி வேலை ஸ்கீயைக் காலில் மாட்ட முதலே முடிந்துவிடுகிறது. எந்தக் கம்பி என்று தெரிவு செய்வதுதான் அந்த வேலை. நல்ல கண் உள்ளவர்கள் ஒரு நகரத்தையே கம்பி கம்பியாக வாசிக்கிறார்கள். ஆனால் அந்த வாசிப்பில் ஒரு கேள்வி அடிக்கடி விடுபட்டுப்போகிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1998இல் சலமன் நிறுவனம் முன்னும் பின்னும் முனை வளைந்த '1080' என்ற ஸ்கீயை விற்பனைக்கு விட்டது. பின்பக்கமாகவும் ஓடலாம், பின்பக்கமாகவே வந்து இறங்கலாம் என்றானபோது ஸ்கீக்காரர்களுக்குப் புது வழிகள் திறந்தன. 2011இல் வந்த 'ஓல் ஐ கான்' படத்தில் ஜே.பி. ஓக்லேர் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சின்னச் சின்ன ஊர்த் தெருக்களுக்குள்ளால் ஸ்கீயில் போகும் பகுதி இருக்கிறதே, இந்த வகையில் ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் அதைப் பாருங்கோ. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஸ்லோப்ஸ்டைல் சேர்க்கப்பட்டதோடு கம்பியில் வழுக்குவது பதக்க விளையாட்டாகவும் ஆகிவிட்டது. ஒலிம்பிக்கில் வரும் கம்பிகள் அதற்கென்றே செய்தவை. தெருவில் இருப்பவை வேறு யாருக்கோ செய்தவை.

அப்படியென்றால் ஏன் தெருவுக்குப் போகிறார்கள்? காசு ஒரு பெரிய காரணம். அமெரிக்காவின் பெரிய ஸ்கீ மலைகளில் சீசன் நேரத்தில் ஒரு நாள் லிஃப்ட் ரிக்கெட் மட்டுமே 200 டொலரைத் தாண்டும். மினசோட்டா மாநிலத்துப் பெடியளுக்குக் கிட்டத்தில் பெரிய மலையும் இல்லை. ஆனால் டுலூத் மாதிரி ஏரிக்கரைச் சரிவில் கட்டிய நகரம் இருக்கிறது, நிறையப் பனி இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது. சவலும் கயிறும் கமராவும் இருந்தால் போதும். (ஸ்கீயே மலிவில்லை, அது வேறு கதை.) இதனால் "சனத்தின் சொத்தை நாசமாக்கிற கூட்டம்" என்று காவலாளி மாதிரிக் கத்த எனக்கு விருப்பமில்லை.

சரி, கம்பியை எப்படித் தெரிவு செய்வது? ஸ்கீ குறுக்காகக் கிடந்தபடி போகிறது, அதன் நீளம் கிட்டத்தட்ட 170, 180 சென்ரிமீற்றர். ஆகவே சுவரை ஒட்டிய கைபிடி சரிவராது, இரண்டு பக்கமும் ஒரு மீற்றர் அளவுக்காவது வெளி வேண்டும். கம்பியைத் தாங்கும் கால்கள் அடிப்பக்கமாக வந்து சேரவேண்டும். மேற்பக்கத்தில் ஒரு ஆணித்தலை, சரியாக அராவாத ஒரு வெல்டிங், அது காணும் ஆளை முகம் குப்புறத் தள்ள. ஸ்கீயின் நடுப்பகுதி இரும்பு விளிம்பை அராவி மழுக்குவதும் இதற்காகத்தான். உருண்டைக் கம்பியில் சமநிலை பிடிப்பது கஷ்டம், சதுரக் கம்பியின் விளிம்போ ஸ்கீயைக் கொழுவி இழுத்துவிடும். இதில் எது நல்லது என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். கம்பி ஆடுகிறதா என்று கையால் உலுப்பியும் காலால் உதைந்தும் பார்க்கவேண்டும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை சரிவு. அமெரிக்கக் கட்டட விதிகளின்படி பொதுப் படிக்கட்டில் ஒரு படியின் உயரம் 7 அங்குலத்தை மிஞ்சக்கூடாது, மிதிக்கும் பகுதி 11 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. அதாவது சரிவு ஆகக்கூடியது 32, 33 பாகை. இருபது படி என்றால் கீழிறக்கம் மூன்றரை மீற்றர். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் கம்பியில் ஏறுகிறவர், உராய்வை விட்டுவிட்டால், அடிக்கு வரும்போது கிட்டத்தட்ட 40 கிலோமீற்றரில் போய்க்கொண்டிருப்பார். (கலைப்பீடத்தில் இருந்துகொண்டு இந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு பின்னேரம் போனது.) அந்த வேகத்தில் எங்கே போய் நிற்கப்போகிறார்? எதிரே றோட்டா, மரமா, உப்புப் போட்டுப் பனி கரைந்த கொங்கிரீற்றா? கம்பியின் அழகில் மயங்கினவர்கள் இதைக் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள். மேலே ஓடிவர இடம் போதாவிட்டால் றப்பர் கயிற்றாலோ வின்ச் பூட்டியோ ஆளை இழுத்துவிடலாம். கீழே இடம் போதாவிட்டால் ஒன்றும் செய்யமுடியாது. நடுவில் ஒரு சமதளம் வந்து மறுபடி சரியும் கம்பி என்றால், வளைவுக்கு வளைவு முழங்கால் அடி வாங்கும். தலைக்கவசம் போடாமல் இதையெல்லாம் செய்கிற படங்கள் எத்தனையோ உண்டு, அதை ஸ்டைல் எண்டு சொல்கிறவர்களோடு எனக்குக் கதையே இல்லை.

இவ்வளவும் ஸ்கீக்காரருக்குத் தெரிந்ததுதான். இனித்தான் நான் சொல்லவந்தது.

கைபிடி யாருக்காகச் செய்யப்படுகிறது என்று அதே விதிகளைப் பார்த்தேன். உருண்டைக் கம்பியின் விட்டம் ஒன்றேகால் அங்குலத்திலிருந்து 2 அங்குலத்துக்குள் இருக்கவேண்டும், ஒரு கை சுற்றிப் பிடிக்கிற அளவு. கையை எடுக்காமலே இறங்கக்கூடியதாக இடையில் முறியாமல் ஓடவேண்டும். அகலமான படிக்கட்டென்றால் நடுவிலும் ஒன்று வேண்டும். மேல்படியைத் தாண்டி இன்னும் 12 அங்குலம் நேராக நீளவேண்டும், கண் தெரியாத ஒருவர் படி தொடங்குவதைக் கையால் அறிவதற்கு. கீழேயும் கடைசிப் படியைத் தாண்டிக் கொஞ்சம் நீளவேண்டும்.

இப்போது ஸ்கீக்காரரின் தேவைகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. முறியாத கம்பி, இரண்டு பக்கமும் வெளி, மேலே ஏறிக்கொள்ள ஒரு துண்டு நேர்க்கம்பி, படியைத் தாண்டி முடியும் அடி. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! வழுக்குவதற்கு ஆகத் திறமான கம்பி, ஏலாத ஒருவர் பிடித்து இறங்குவதற்கும் ஆகத் திறமான கம்பி. அப்படியான கம்பிகள் எங்கே கூட இருக்கும்? ஆஸ்பத்திரி, தேவாலயம், முதியோர் இல்லம், பள்ளிக்கூடம். இது தற்செயலாக வருகிற மோதல் இல்லை, கம்பியின் வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் பெரியம்மா மொன்றியலில் இருக்கிறா. அங்கே பழைய வீடுகளின் மாடிப்படி வீட்டுக்கு வெளியே, தெருப்பக்கமாகத்தான் இருக்கும், இரும்புப் படி. மார்கழி தொடங்கி மூன்று மாதத்துக்கு அவவின்ர கதை முழுக்க அந்தப் படியைப் பற்றித்தான். ஒரு கையில் சாமான் பை, மற்றக் கை கம்பியில். "கம்பியை விட்டால் சரி, நேரே ஆஸ்பத்திரிதான்" என்று சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவா. அவவின்ர படியில் யாரும் ஸ்கீ ஓடப்போவதில்லை, அது வளைந்து நெளிந்த ஒடுங்கின படி. ஆனால் இந்த வீடியோக்களில் கம்பி வரும்போதெல்லாம் அவவின்ர கையுறை போட்ட கை எனக்கு ஞாபகம் வருகிறது.

இரும்பு விளிம்பு பெயின்ரைச் சுரண்டும். சுரண்டின இடத்தில் துருப் பிடிக்கும், சிலாம்பு எழும்பும். அதுகூடப் பரவாயில்லை. கீழே வந்து இறங்குவதற்காகக் குவித்து, மிதித்து, இறுக்கின பனிதான் பெரிய வில்லங்கம். இறுக்கின பனி இரவோடிரவாகக் கல்லாகிவிடும். படமெடுத்தவர்கள் பின்னிரவில் லைற்றைக் கழற்றிக்கொண்டு போய்விட்டால், காலையில் படியின் அடியில் ஒரு ஐஸ் மேடு நிற்கும். முதல் பஸ்ஸுக்கு வருகிற துப்புரவுத் தொழிலாளிக்கோ டயலிசிஸுக்கு வருகிற கிழவருக்கோ அது என்ன எண்டே தெரியாது. துப்புரவாக அள்ளிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள், அதை வீடியோவில் யாரும் காட்டுவதில்லை. எக்ஸ் கேம்ஸின் 'ரியல் ஸ்கீ' போட்டிக்கு ஆளுக்கு 90 செக்கன்தான் இருந்தது. அதற்குள் சவல் வேலையைக் காட்டியிருந்தால் ஆர் புள்ளி போட்டிருப்பினம்?

"நகரம் எல்லாருக்கும் சொந்தம்தானே" என்று ஒரு வாதம் உண்டு. எனக்கும் பிடித்த வாதம். ஸ்கேற்போட்காரருக்குக் கம்பியில் குமிழ் வெல்டிங் பண்ணி வைக்கிற நகரசபைகளைவிட அந்தப் பெடியள் எவ்வளவோ மேல். ஆனால் எல்லாருக்கும் என்றால் அந்தக் கிழவருக்கும்தான். ஸ்கீக்காரருக்கு நகரத்தில் நூறு கம்பி இருக்கிறது. அவருக்கு அந்த வாசலில் ஒன்றுதான்.

கம்பி பார்க்கிறவர்கள் சரிவு, நீளம், இறங்குமிடம் எல்லாவற்றுக்கும் முதலில் இதைப் பார்க்கவேண்டும் என்பேன்: பக்கத்தில் வேறு படியோ சாய்தளமோ இருக்கிறதா? இந்த நேரத்தில் இதால் யார் வருவார்கள்? சில நகரங்களில் குளிர்காலத்துக்கென்றே சங்கிலி போட்டு மூடிவைக்கிற பூங்காப் படிக்கட்டுகள் உண்டு. லீவு விட்ட பள்ளிக்கூடங்கள் உண்டு, பூட்டிக் கிடக்கிற விளையாட்டு மைதானங்கள் உண்டு. அங்கே தெருவிளக்கு இருக்காது, லைற் கொண்டுபோகவேண்டும், பின்னணி அவ்வளவு எடுப்பாகவும் இராது. ஓக்லேரின் அந்தப் பகுதியைத் திரும்பப் போட்டுப் பாருங்கோ. சின்ன ஊர், சாதாரணத் தெரு, அதுக்கே இவ்வளவு காலம் கழிச்சும் சனம் வாய் பிளந்து பார்க்குது.

பார்க்கிற எங்களுக்கும் இதில் பங்கிருக்கிறது, எங்களுடைய லைக்குக்குத்தான் கம்பி ஒவ்வொரு வருசமும் நீளுகிறது. போன கிழமை ஒரு சிநேகிதன் ஒரு துண்டு அனுப்பியிருந்தான், ஒரு ஆஸ்பத்திரி வாசல் கம்பி, இரண்டு வளைவு, பின்பக்கமாக ஏறிப் பின்பக்கமாகவே இறங்குகிறார். அசல் வேலை, மறுக்கவில்லை. மூன்று தரம் பார்த்தேன். லைக் போடவில்லை.